பகல் நீளும் நாடும் நீளாத நாடும்



பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில் இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் எழுந்தே தீரும். "அம்மா, கோடைகாலத்தில் பகல் நீளும், குளிர்காலத்தில் பகல் குறுகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நம் தோட்டத்தில் அப்படி ஒன்றையும் காணோமே?" காலையில் பெரட்டுக்குப் போய், பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் லயத்துக்குத் திரும்பிய தாய் என்ன சொல்வாள்? "புத்தகத்தில் இருப்பதைப் படி" என்று சொல்லி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அவளுக்கும் அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

எங்களில் ஒருவர் சிறுவராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறோம். தோட்டப்பள்ளியில் தேர்வு. 'டிசம்பர் மாதத்தில் பகற்பொழுது எப்படி இருக்கும்?' என்று ஒரு வினா. பையன் தன் கண்ணால் கண்டதை எழுதினான்: 'எப்போதும் போல் இருக்கும், மழை பெய்யும்.' விடைத்தாளில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. 'பகல் குறுகும்' என்பதுதான் சரியான விடையாம். பையன் வீட்டுக்கு வந்து தகப்பனாரிடம் காட்டினான். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ எழுதியதும் சரியாகத்தான் தெரிகிறது, அவர் போட்டதும் சரியாகத்தான் இருக்கும்" என்றார். ஆசிரியரை மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. மகனின் கண்ணைப் பொய்யென்று சொல்லவும் மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து யோசித்துப் பார்த்தால், அந்தப் படிக்காத மனிதர் சொன்னதில் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருந்தது தெரிகிறது. இரண்டும் சரிதான். எந்த நாட்டில் நின்று பேசுகிறோம் என்பதுதான் வேறுபாடு.

போருக்கு முன்பு நம் தோட்டப்பள்ளிகளுக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்துதான் வந்தன. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளியில் இந்த நாட்டு வானத்தைப் பற்றிச் சொல்லும் புத்தகம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே சித்திரை வெயிலும் மார்கழிப் பனியும் எழுத்தில் கப்பலேறி வந்தன. ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கோ பனிக்கட்டியும் கணப்பு அடுப்பும் வந்தன. இரண்டுமே பால் மரத்தடியில் பிறந்த பிள்ளைக்குக் கேள்விக் கதைகள்தாம்.

அக்காலத் தோட்டம் ஒன்றை மனக்கண்ணில் கொண்டு வருவோம். பங்களாவில் இங்கிலாந்திலிருந்து வந்த துரை. லயத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய தாத்தா. அவர் மடியில் இங்கேயே பிறந்த பேரன். மூவருக்கும் மூன்று விதமான பகல் பழக்கம்.

துரை பிறந்த லண்டன் பக்கம் ஜூன் மாதக் கடைசியில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பர்க் கடைசியிலோ எட்டு மணி நேரம்கூட நிறையாது. கோடையில் பிள்ளைகளை வெளிச்சம் இருக்கும்போதே படுக்க வைப்பார்கள். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் விளக்கேற்றுவார்கள். தாத்தா பிறந்த நாகப்பட்டினம் பக்கம் வேறுபாடு அவ்வளவு இல்லை. ஆனிப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மார்கழிப் பகல் பதினொன்றரை மணி நேரம். ஒன்றேகால் மணி நேர வித்தியாசம். உழவர் அதை உணர்வார். மார்கழியில் மாலை வேலை முடியுமுன் இருட்டி விடுவதை அவர் அறிவார். பேரன் பிறந்த கோலாலம்பூர் வட்டாரத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகல் 12 மணி 18 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 57 நிமிடம் அளவு. வித்தியாசம் சுமார் 21 நிமிடம். பினாங்கில் 38 நிமிடம். சிங்கப்பூருக்கு இறங்கினால் ஒன்பதே நிமிடம்தான். ஒன்பது நிமிடம் ஆறு மாதத்தில் கூடுவதை யார் கண் காணும்? அந்தப் பையன் எழுதியது அவன் நின்ற இடத்துக்குச் சரியான விடை.

இந்த வேறுபாடு மனிதருக்கு முதலில் எப்படித் தெரிந்தது என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க கதை. இன்றைக்கு ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் பித்தியாசு என்ற கிரேக்கர் ஒருவர் இருந்தார். இன்று பிரான்சு நாட்டில் மார்சேய் என்று அழைக்கப்படும் துறைமுகத்துக்காரர். கப்பலில் ஏறி, பிரிட்டன் தீவைத் தாண்டி, வடக்கே வடக்கே போய்க்கொண்டிருந்தார். போகப் போகக் கோடை இரவு சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் இரவு இரண்டு மணி நேரமும் மூன்று மணி நேரமுமே இருக்கும் ஊர்களைக் கண்டார். அவ்வூர் மக்கள், சூரியன் படுத்துறங்கும் இடம் இதோ என்று அவருக்குக் காட்டினார்களாம். ஊர் திரும்பிப் புத்தகம் எழுதினார். பின்வந்த அறிஞர்களில் சிலர் அவரைப் பொய்யர் என்றே எழுதி வைத்தார்கள். தம் ஊரில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைப்பது படித்தவர்களுக்கும் உள்ள பழக்கம்தான். அவர் புத்தகம் இன்று கிடைக்கவில்லை. பிறர் தம் நூல்களில் எடுத்தெழுதிய துண்டுகள்தாம் எஞ்சியுள்ளன. ஆனால் அவர் கண்டது உண்மை.

சரி, காரணம் என்ன? இதற்குக் கண்ணாடிக் கருவியும் வேண்டாம், விலை கொடுத்து வாங்கும் உலக உருண்டையும் வேண்டாம். ஒரு கொய்யாப்பழம், ஒரு விளக்குமாற்று ஈர்க்கு, ஒரு கிராம்பு, ஒரு விளக்கு போதும். பழத்தின் காம்பு வழியாக ஈர்க்கைச் செருகி அடிப்பக்கம் வெளியே வரும்படி எடுங்கள். அதுதான் பூமியின் அச்சு. பழத்தின் நடு வயிற்றில் கிராம்பைக் குத்துங்கள். அது நம் நாடு. நடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறோம், அவ்வளவுதான். காம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். அது துரையின் ஊர். அறையை இருட்டாக்கி, நடுவில் விளக்கை வைத்துவிடுங்கள்.

இப்போது ஈர்க்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பழத்தைச் சுழற்ற வேண்டும். பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருக்கிறது. இங்கேதான் கவனம் தேவை. விளக்கைச் சுற்றிக் கையைக் கொண்டு போகும்போது சாய்வை மாற்றவே கூடாது. ஈர்க்கின் மேல்முனை கிழக்குச் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தால், விளக்குக்கு இந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கம் போனாலும் கிழக்குச் சுவரையே பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். பலர் இதில்தான் தவறுகிறார்கள். கையைத் திருப்பும்போது ஈர்க்கும் கூடவே திரும்பிவிடும். பிறகு பாடம் விளங்காது. சரியாகப் பிடித்தால், ஒரு பக்கத்தில் மேல்முனை விளக்கை நோக்கிச் சாயும். அப்போது பழத்தைச் சுழற்றினால் நகக்கீறல் வெகுநேரம் வெளிச்சத்திலும் கொஞ்ச நேரம் இருட்டிலும் போகும். அதுவே அவர்கள் கோடை. எதிர்ப்பக்கம் போனால் மேல்முனை விளக்கைவிட்டு விலகிச் சாயும். கீறல் கொஞ்ச நேரமே வெளிச்சத்தைப் பார்க்கும். அது குளிர்காலம். கிராம்பைப் பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. பிள்ளை தானே சொல்லிவிடும்.

"சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை, தூரப் போனால் குளிர்" என்று சிலர் சொல்லிக் கொடுப்பதுண்டு. கேட்கச் சரியாகத் தோன்றும், ஆனால் தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14 கோடியே 70 இலட்சம் கிலோமீட்டர். ஜூலையில் 15 கோடியே 20 இலட்சம். ஜனவரியில்தானே லண்டனில் பல் கிட்டுகிறது!

பழத்தில் கண்டதை வானத்திலும் காட்டலாம். நம் நாட்டில் பகலின் நீளம் மாறுவதைக் கண் காணாது என்றோம். ஆனால் நிழல் மாறுவதை நன்றாகக் காணலாம். வாசலிலோ பள்ளித் திடலிலோ ஒரு மீட்டர் உயரக் கம்பை நேராக நட்டுவிடுங்கள். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரமே உண்மையான உச்சிப்பொழுது. கோலாலம்பூர்ப் பக்கம் அது கடிகாரத்தில் ஒரு மணிக்கு முன்பின்னாக, சில மாதங்களில் ஒன்றரை மணியை ஒட்டியும் வரும். ஏன் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை என்பதைப் பிறகு சொல்கிறோம். ஜூன் 21 ஆம் தேதி உச்சி நிழல் கம்புக்குத் தெற்கே விழும். நீளம் 37 சென்டிமீட்டர். டிசம்பர் 22 ஆம் தேதி வடக்கே விழும். அரை மீட்டர் இருக்கும். மார்ச் 28 ஐ ஒட்டியும் செப்டம்பர் 15 ஐ ஒட்டியும் நிழலே இராது; கம்பு தன் காலடியிலேயே நிழலை வைத்துக்கொள்ளும். பினாங்கு, கெடா பக்கத்தில் இது ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் 8 ஐ ஒட்டியும் நடக்கும். லண்டன் பிள்ளை வாழ்நாள் முழுதும் காத்திருந்தாலும் இந்த நிழலில்லா உச்சியைத் தன் ஊரில் பார்க்க முடியாது. நம் பிள்ளை ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்கலாம். நம்மிடம் இல்லாததையே புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்ததால், நம்மிடம் இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

தோட்டத்தில் 'குளிர்காலம்' என்ற சொல் மட்டும் வழங்கியதுண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் வறட்சி வரும்போது ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். காலடியில் சருகு சரசரக்கும்; பால் குறையும்; கூலியும் குறையும். துரைமார்கள் அதற்கு 'வின்டரிங்' என்று பெயர் வைத்தார்கள். தம் ஊரில் குளிர்காலத்தில் மரங்கள் மொட்டையாவதைக் கண்டவர்களுக்கு அந்த நினைவு வந்தது இயல்பு. ஆனால் அங்கே இலை உதிர்வது பகல் சுருங்கிக் குளிர் ஏறுவதால். இங்கே உதிர்வது மழை விட்ட காய்ச்சலில். வெயில் மண்டையைப் பிளக்கும்போது அந்தக் காலத்துக்குக் குளிர்காலம் என்று பெயர்!

பால் மரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடியுமுன் எழுந்து ஓடியது யாரோ ஒருவர் வைத்த சட்டத்தால் மட்டுமன்று. இரவில் மரம் நீரை ஏற்றிப் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்து நிற்கும். அந்நேரம் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியேற்ற, அழுத்தம் தணிந்து, பால் விரைவில் நின்றுவிடும். ஆகவே கடிகாரம் என்ன சொன்னாலும் பால் வெட்டு சூரியனை ஒட்டியே நடந்தது. இனிச் சொல்லப்போகும் வரலாற்றுக்கு இது மிகவும் முக்கியம்.

இந்த நாட்டில் பகல் மாறவில்லை. கடிகாரம் மாறிக்கொண்டே இருந்தது.

முற்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூர்ச் சூரியனே நேரம் காட்டிற்று. கோலாலம்பூரைவிடச் சிங்கப்பூர் கிழக்கே இருப்பதால் அங்கே உச்சி எட்டரை நிமிடம் முன்னதாக வரும். இரயிலும் தந்தியும் வந்த பிறகு இது தொல்லையாயிற்று. 1901 ஜனவரி முதல் ஐக்கிய மலாய் நாடுகளும் சிங்கப்பூர் நேரத்தை எடுத்துக்கொண்டன. 1905 ஜூன் முதல் நாள் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முந்திய நேரம் என்று வட்டமாக ஆக்கினார்கள். அப்போது கோலாலம்பூரில் சூரிய உதயம், ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால், காலை 6.10. இந்த 6.10 ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே இங்கிலாந்தில் வில்லியம் வில்லட் என்ற வீடு கட்டும் தொழிலதிபர் ஒருவர் 1907 ஆம் ஆண்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். கோடையில் விடிந்து வெகுநேரம் ஆகியும் மக்கள் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்கள், அந்த வெளிச்சம் வீணாகிறது, ஆகவே ஏப்ரல் மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கடிகாரத்தை இருபது இருபது நிமிடமாக முன்னே தள்ளுவோம், செப்டம்பரில் திரும்பவும் பின்னே இழுப்போம் என்றார். பலர் சிரித்தார்கள். 1915 இல் அவர் இறந்தும் போனார். மறு ஆண்டு, முதல் உலகப் போரில் நிலக்கரியை மிச்சப்படுத்த, ஜெர்மனி ஏப்ரல் 30 ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிற்று. பிரிட்டன் மே 21 ஆம் தேதி பின்தொடர்ந்தது. பதினாறு மணி நேரப் பகல் உள்ள நாட்டுக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானதுதான். எடுத்துக்கொள்ள அங்கே உபரி வெளிச்சம் இருக்கிறது.

அந்த எண்ணம் மலாயாவுக்கும் வந்து சேர்ந்ததுதான் விந்தை. 1920 இல் ஆளுநர் கில்லமார்டு, அரை மணி நேரம் கடிகாரத்தை முன்னே தள்ளலாமா என்று ஒரு யோசனை கொண்டுவந்தார். அப்போது அது நிறைவேறவில்லை. 1932 இல் மறுபடி எழுந்து, பகலொளிச் சேமிப்புச் சட்டம் என்ற பெயரிலேயே நிறைவேறி, 1933 ஜனவரி முதல் நாள் கடிகாரம் இருபது நிமிடம் முன்னே போயிற்று. அதுவும் கோடைக்கு மட்டுமன்று, ஆண்டு முழுமைக்கும். கோடையே இல்லாத நாட்டில் நிரந்தரக் கோடை நேரம்! அலுவலகம் விட்டதும் ஆடுகளத்தில் பந்தாட இன்னும் சற்று வெளிச்சம் கிடைக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட பெரிய நியாயம். அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை? உலக மந்தம், ரப்பர் விலை பாதாளத்தில், ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை இழந்து கப்பலில் ஊருக்கு அனுப்பப்பட்ட காலம். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கச் சட்டமன்றத்துக்கு நேரம் இருந்தது. உதயம் 6.30 ஆயிற்று.

1941 செப்டம்பர் முதல் நாள் மேலும் பத்து நிமிடம். உதயம் 6.40.

பிறகு ஜப்பானியர் வந்தனர். 1942 பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மறுநாளே தோக்கியோ நேரம். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் முன்னே. கோலாலம்பூரில் சூரியன் கடிகாரப்படி 8.10 க்கு உதித்தான். இரவு எட்டேகால் மணிக்கு மறைந்தான். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் உள்ள ஒரு நகரத்தின் பொழுதை இங்கே எல்லார் சுவரிலும் தொங்கவிட்டார்கள். நேரத்தைக் கட்டளையாக மாற்ற முடியும் என்பதை அன்றுதான் பலர் முதன்முதலாகக் கண்டிருப்பார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனதையே தோட்டத்து மக்கள் நினைவில் வைத்தார்கள். கடிகாரம் மாறிய கதை அதற்கு முன் எம்மாத்திரம்? 1945 செப்டம்பரில் பழைய நேரம் திரும்பிற்று. உதயம் மறுபடியும் 6.40.

கடைசி மாற்றத்தை நம்மில் மூத்தவர்கள் நேரிலேயே பார்த்தோம். சபாவும் சரவாக்கும் ஒரு நேரத்தில் இருக்க, தீபகற்பம் அரை மணி நேரம் பின்தங்கி இருந்தது. ஒரு நாட்டுக்கு ஒரே நேரம் வேண்டும் என்று டாக்டர் மகாதீர் அரசாங்கம் முடிவு செய்தது. 1981 டிசம்பர் 31 ஆம் தேதி இரவு 11.30 ஆனதும் 12 மணி என்று வைத்துப் புத்தாண்டு பிறந்தது. அன்றிரவு அரை மணி நேரம் நம் கணக்கில் காணாமல் போயிற்று. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. உதயம் 7.10.

6.10 இல் தொடங்கியது 7.10 ஆயிற்று. இங்கிலாந்தில் கோடைக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குளிருக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். நாம் 1905 க்குப் பிறகு அதே ஒரு மணி நேரத்தைத் தவணை முறையில் தள்ளினோம், திருப்பவே இல்லை. அதனால்தான் நம் உச்சிப்பொழுது பகல் ஒரு மணிக்குமேல் வருகிறது. கம்பு நட்ட பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

இந்த மாற்றத்தின் சுமை அதிகமும் பிள்ளைகள் தலையில்தான் விழுந்தது என்பது எங்கள் எண்ணம். ஏழரை மணிக்குப் பள்ளி மணி அடித்தால், ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும். அப்போது வெளியே கும்மிருட்டு. தோட்டத்து உள்பாதையில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, புத்தகப் பையோடு பேருந்துக்கு நடந்த பிள்ளைகளை நாம் அறிவோம். தோட்டத்தைவிட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன வீடுகளிலும் அதே இருட்டில்தான் இட்டிலிப்பானை ஏறுகிறது. பால் வெட்டுக்காரருக்கு மரம் நேரம் காட்டிற்று. அவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சுவர் நேரம் காட்டிற்று. ஒரே லயத்தில் இரண்டு நேரம்.

இங்கே ஒரு சிக்கலான விஷயம் இருக்கிறது. கூர்ந்து பார்க்கும் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். "நம் நாட்டில் பகல் மாறுவதில்லை என்கிறீர்களே, நவம்பர் தொடக்கத்தில் ஏழு மணிக்குள் விடிந்துவிடுகிறது, பிப்ரவரியில் ஏழு இருபத்தைந்து ஆகிறதே, அது குளிர்காலம் அல்லவா?" நல்ல கேள்வி. கோலாலம்பூரில் நவம்பர் 3 ஐ ஒட்டி உதயம் 6.57, பிப்ரவரி 11 ஐ ஒட்டி 7.27. அரை மணி நேர வேறுபாடு. ஆனால் மாலையையும் பார்க்கச் சொல்லுங்கள். நவம்பரில் மறைவு 6.57, பிப்ரவரியில் 7.27. காலையில் அரை மணி தாமதமாக வந்தவன் மாலையிலும் அரை மணி தாமதமாகவே போகிறான். பகலின் நீளம் இரண்டு மாதத்திலும் பன்னிரண்டு மணி நேரம்தான். பகல் குறுகவில்லை, முழுப் பகலும் அப்படியே நகர்ந்திருக்கிறது.

ஏன் நகர்கிறது? நம் சுவர்க் கடிகாரம் ஆண்டு முழுதும் ஒரே சீராக ஓடும் இயந்திரம். சூரியன் அப்படி அன்று. பூமி சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததால், சூரியனுக்கு அருகே வரும்போது சற்று விரைந்தும் விலகும்போது சற்று மெதுவாகவும் போகிறது. அச்சின் சாய்வும் இதனோடு சேர்கிறது. இரண்டும் கூடி, பிப்ரவரியில் சூரியன் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. லண்டனிலும் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே பகல் எட்டு மணி நேரம் கூடிக் குறையும் அமளியில் இந்த அரை மணி நேரம் எளிதில் கண்ணில் படுவதில்லை. நம் ஊரில் பகல் அசையாமல் நிற்பதால்தான் இது பளிச்சென்று தெரிகிறது.

1982 ஜனவரி முதல் வாரத்தை நினைத்தால் எங்களுக்குப் பாட்டி ஒருத்திதான் நினைவுக்கு வருகிறாள். வீட்டுக் கடிகாரத்தை அவள் தொடவிடவில்லை. "அரசாங்கம் மாற்றிக்கொள்ளட்டும், என் சேவல் மாற்றவில்லை" என்றாள். ஆகவே கூடத்தில் பழைய நேரமும், அண்ணன் மணிக்கட்டில் புது நேரமும் ஓடின. யாராவது மணி கேட்டால் "பழசா, புதுசா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் பதில் சொல்வாள். பல மாதம் அப்படியே நடந்தது. ஒருநாள் கடைக்குட்டி பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டு அழுதுகொண்டு திரும்பி வந்தாள். அன்று மாலை பாட்டி முக்காலி போட்டு ஏறி, தன் கையாலேயே முள்ளை அரை மணி நேரம் திருப்பி வைத்தாள்.